நாள் சொன்னவர்

விலங்குகளை வைத்து ஆய்வு செய்ய அனுமதி கொடுக்கலாமா, வேண்டாமா என்று முடிவெடுக்கும் எங்கள் அறநெறிக் குழுவின் முதல் கூட்டத்துக்கு அவர் கத்தியோடுதான் வந்தார். ஒன்றல்ல, மூன்று கத்திகள். உரச் சாக்கில் சுற்றி, கயிற்றால் கட்டி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட்டோவிலிருந்து இறங்கினார். வெள்ளைச் சேட்டு, வெள்ளைச் சாரன், அத்தர் வாசம். வாசலில் நின்ற எனக்கு ஸலாம் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"மிஸ், மாட்ட எங்க கட்டியிரிக்கி?"

பிழை அவருடையதல்ல. குழுவின் செயலாளர் நான், கடிதம் எழுதியவளும் நான். விஞ்ஞானி அல்லாத ஒருவர் பொதுமக்கள் சார்பில் குழுவில் இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் ஆய்வு நிலையம் கல்முனையிலிருந்து ஓட்டோவில் போகிற தூரத்தில் இருந்தது. அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பக்கத்துப் பள்ளிவாசலுக்கு நான் இரண்டே வரியில் எழுதினேன்: கால்நடைகளைப் பற்றி அனுபவமுள்ள, நேர்மையான ஒருவரைச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அனுப்பி உதவவும். எதற்கென்று எழுதவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு நிறுவனம் பள்ளிவாசலுக்கு இப்படிக் கடிதம் போட்டால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. ஏதோ விருந்து நடக்கிறது, அறுக்க ஆள் வேண்டும். பள்ளித் தலைவர் அவரைக் கூப்பிட்டு, "எத்தின பேருக்குச் சாப்பாடு எண்டு எழுதல்ல, எதுக்கும் பெரிய கத்தியையும் கொண்டு போங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை.

"அப்ப அறுக்கக் கூப்பிடல்ல."

"இல்ல."

"அறுக்கலாமா எண்டு கேக்கக் கூப்பிட்டிரிக்கீங்க."

"ஓம், கிட்டத்தட்ட அப்பிடித்தான்."

சாக்குக் கட்டை என்னிடம் நீட்டினார். "இத உங்கட அலுமாரிக்க வெச்சுப் பூட்டுங்க. மிருகம் இரிக்கிற எடத்தில கத்திய வெளிய வெக்கப்படா."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஓய்வுபெற்ற ஓர் அதிபரைத் தேடிப் பிடிக்கலாம் என்றுதான் நினைத்தேன். மாடு அறுப்பவரை அறநெறிக் குழுவில் வைத்திருக்கிறார்கள் என்று கொழும்பில் கேள்விப்பட்டால் கைகொட்டிச் சிரிப்பார்கள். குழுவின் தலைவர் காரைதீவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வைத்தியர், எதற்கும் அவசரப்படாத மனிதர். அவர் தடுத்துவிட்டார். "வந்த மனிசனத் திருப்பி அனுப்பப்படாது மிஸ். இருக்கட்டும், ஹாஜியார் வாங்க."

"நான் இன்னும் ஹஜ்ஜுக்குப் போகல்ல ஐயா" என்றார் அவர். தலைவர் கடைசிவரை அவரை ஹாஜியார் என்றே கூப்பிட்டார். அவரும் ஒவ்வொரு தடவையும் சலிக்காமல் திருத்தினார். நாங்கள் மற்றவர்கள் ஊர் வழக்கப்படி காக்கா என்றோம், அண்ணன் என்ற முறையில்.

அன்று ஒரு மாணவியின் விண்ணப்பம் வந்திருந்தது. சில எலிகள், ஒரு மூலிகைச் சாறு. எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. கூட்டத்தை முடிக்கப் போகும்போது காக்கா கையை உயர்த்தினார்.

"புள்ள, ஹஜ்ஜுப் பெருநாள் வருதெல்லுவா? அண்டைக்கு இந்த எலிகளுக்கு ஆரு தண்ணி வெக்கிற?"

மாணவி என்னைப் பார்த்தாள். நான் பராமரிப்பு அட்டவணையைப் பார்த்தேன். பெருநாளும் அதைச் சேர்ந்த விடுமுறையும் வெறுமையாகக் கிடந்தன. எலிக்கூண்டு பார்க்கிற மூன்று பேரும் முஸ்லிம்கள், மூவருமே லீவு எழுதிக் கொடுத்திருந்தார்கள். நானும்தான். அத்தனை பட்டதாரிகளில் ஒருவருக்காவது அது கண்ணில் படவில்லை. தலைவர் தன் பேனையை மூடியபடி, "நான் வாறன். எங்களுக்கு அண்டைக்குப் பெருநாள் இல்லைத்தானே" என்றார். எழுபது வயது வைத்தியர் பெருநாளன்று காரைதீவிலிருந்து வந்து எலிகளுக்குத் தண்ணீர் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அதிபரைத் தேடும் எண்ணத்தை நான் விட்டுவிட்டேன்.

காக்காவிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த விண்ணப்பம் வந்தாலும், எத்தனை பெரிய பேராசிரியர் முன்னால் இருந்தாலும், முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "நீங்க அதப் பாத்தீங்களா?" பெரும்பாலானோர் அந்த விலங்கைப் பார்த்திருக்க மாட்டார்கள். உதவியாளர்கள் பார்த்திருப்பார்கள், இவர்கள் உதவியாளர்கள் எழுதியதைப் பார்த்திருப்பார்கள். "அப்ப பாத்திட்டு வாங்க, கதைப்பம்" என்பார். சிலருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒருவர் என்னிடம் தனியாக வந்து, "அந்த இறைச்சிக்காரர எப்ப மாத்துவீங்க?" என்று கேட்டார். முன்பு எனக்கே அந்த எண்ணம் இருந்ததால் அன்றைக்கு என் முகம் சிவந்துபோனது.

இந்தப் பழக்கம் அவர் குழுவுக்கு வந்து பிடித்துக்கொண்டது அல்ல. ஒரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எங்கள் வீட்டு முற்றத்திலேயே அதைக் கண்டேன். ஏழு பேர் கூட்டுச் சேர்ந்து குர்பானுக்கு ஒரு மாடு வாங்கியிருந்தோம். அதில் ஒரு பங்கு கட்டாரில் இருக்கும் என் மச்சானுடையது. காக்கா கத்தியை வீட்டிலேயே தீட்டிக்கொண்டு வருவார், மாட்டின் கண்முன்னால் தீட்ட மாட்டார். பக்கத்து வீட்டு மாட்டுக்கும் இதற்கும் நடுவில் படங்கு ஒன்றைக் கட்டச் சொல்லுவார், ஒன்று அறுபடுவதை மற்றது பார்க்கக்கூடாதென்று. வாளியில் தண்ணீர் வைத்து, அது குடித்து முடியும்வரை நிற்பார். இவை மார்க்கத்தில் உள்ளவை, பலரும் செய்வார்கள். அவர் தன்பாட்டில் சேர்த்துக்கொண்டது ஒன்று. பங்குக்காரர் ஏழு பேரும் மாட்டின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மச்சானை வீடியோ அழைப்பில் பிடித்துப் போனை மாட்டுப் பக்கம் திருப்பினோம்.

"பாத்தீங்களா தம்பி?"

"பாத்தன் காக்கா. நீங்க அறுங்க, எனக்கு வேலைக்கு நேரமாகுது."

"என்ன நிறம்?"

மச்சான் கொஞ்சம் தயங்கினான். "கறுப்பு."

மாடு நல்ல செவலை. முற்றத்தில் நின்ற எல்லோரும் சிரித்துவிட்டோம். காக்கா கத்தியை உறையில் போட்டுவிட்டு, மாட்டுக்கு இன்னொரு வாளி தண்ணீர் வைத்தார். மச்சான் வேலைத்தலத்தில் ஒரு மூலைக்குப் போய், நெற்றியில் வெள்ளைச் சுழி, இடது கொம்பு நுனி உடைந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லும்வரை அவர் நகரவில்லை. பசியில் நாங்கள் முணுமுணுத்தோம். என் உம்மா வெளிப்படையாகவே ஏசினார். அதற்கும் அசையவில்லை.

அவருக்கே ஒரு மாட்டில் பங்கிருந்தால் அறுப்பார், ஆனால் இறைச்சியைக் கூறுபோடுவதற்கு வேறு ஆளைக் கூப்பிடுவார். "பங்கிரிக்கிறவன் பங்கு வெக்கப்படா" என்பது அவர் சொல். தராசு பொய் சொல்லாவிட்டாலும் கை சொல்லும் என்பார். இதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அவரிடம் குறை இல்லையா? தாராளமாக இருந்தது. சேட்டின் வெள்ளையைப் பற்றி அளவுக்குமீறிய பெருமை. இத்தனை வருட அறுப்பில் தன் சேட்டில் ஒரு துளி பட்டதில்லை என்று கேட்காதவர்களுக்கும் சொல்லுவார். அவர் வருகிற நாளில் நாங்கள் "மாப்பிள்ளை வாறார்" என்று கேலி செய்வோம். இன்னொன்று, மாதத்தில் ஒரு குறிப்பிட்ட வாரம் செவ்வாய்க்கிழமை கூட்டம் வைத்தால் வரமாட்டார். காரணமும் சொல்லமாட்டார். ஒருமுறை நான் பொறுமையிழந்து, "காக்கா, உங்கட வசதிக்கு ஏத்தபடி குழு நடத்த ஏலாது" என்று ஏசிவிட்டேன். "சரி மிஸ்" என்றார். அடுத்த மாதமும் வரவில்லை.

ஏன் என்று நான் கேட்கவேயில்லை. இரண்டு வருடம் கேட்கவில்லை. அதுதான் இதில் எனக்கு வெட்கமான இடம்.

பிறகு அந்தப் பெரிய விண்ணப்பம் வந்தது. கொண்டுவந்தவர் எங்கள் பக்கத்து இளம் டொக்டர், வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பியவர். கெட்டிக்காரர், நல்லவர், ஆனால் எல்லாவற்றிலும் ஓட்டம். அவர் சொன்னதை எளிமையாகச் சொல்கிறேன். தலசீமியா பரம்பரையாக வருகிற இரத்த நோய். எங்கள் ஊர்களில் சொந்தத்துக்குள்ளே கட்டிக் கட்டி அது சில குடும்பங்களில் ஊறிப்போயிருக்கிறது. அதற்கு ஒரு புதிய மருந்து கண்டுபிடித்திருந்தார்கள். எலிகளில் பார்த்தாயிற்று, இனிப் பெரிய விலங்கில் பார்க்க வேண்டும். வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்று ஆட்டின் உயிரணுவில் மரபணுவை மாற்றி, அதே நோய் வரும்படி செய்து, அதிலிருந்து குளோனிங் முறையில் கருக்களை உண்டாக்கி அனுப்பும். இங்கே ஊராடுகளை வாங்கி அந்தக் கருக்களை அவற்றின் வயிற்றில் வைப்போம். பிறக்கிற குட்டிகள் எல்லாம் அச்சு வார்த்தாற்போல் ஒன்றாக இருக்கும், பிறவியிலேயே நோயோடு. பாதிக்கு மருந்து, பாதிக்கு ஒன்றுமில்லை. ஒப்பிட்டுப் பார்த்தால் மருந்து வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும்.

எங்கள் சின்ன நிலையத்துக்கு அப்படி ஒன்று அதற்கு முன் வந்ததில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில். விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருந்ததால் காக்காவுக்குத் தமிழில் சொல்லலாம் என்று போன் எடுத்தேன்.

"வேணாம் மிஸ். மகள் வாசிச்சுச் சொல்லிட்டா" என்றார்.

அவருக்கு ஒரு மகள் இருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும்.

கூட்டம் தொடங்கும் முன் எல்லோரும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். "இந்த ஆய்வில் உங்களுக்குத் தனிப்பட்ட பங்கு ஏதும் உண்டா?" என்று ஒரு கேள்வி. "இல்லை" என்ற கட்டத்தில் புள்ளடி போட்டுவிட்டுத் தேத்தண்ணீர் குடிப்போம். காக்காவின் படிவத்தில் புள்ளடி "ஓம்" என்ற கட்டத்தில் இருந்தது.

"மாறிப் போட்டிட்டீங்க காக்கா" என்று புதுப் படிவம் எடுத்தேன்.

"மாறல்ல மிஸ். என்ட மகளுக்கு அந்த வருத்தம்தான். பத்தொம்பது வயசு. மாசத்தில ஒரு செவ்வாய்க்கிழம ஆஸ்பத்திரியில ரத்தம் ஏத்தக் கூட்டிப் போறன்."

என் கையில் புதுப் படிவம் அப்படியே இருந்தது. நான் ஏசிய அந்தச் செவ்வாய்க்கிழமை அப்போது நினைவுக்கு வந்தது. எங்கே முகத்தை வைப்பதென்று தெரியவில்லை.

இளம் டொக்டர் எழுந்தே விட்டார். "காக்கா, அப்ப இந்த அறையில முதலாவதா நீங்கதான் சந்தோசப்படணும்!"

"சந்தோசம்தான் டொக்டர். அதாலதான் நான் வெளிய இரிக்கப் போறன். பங்கிரிக்கிறவன் பங்கு வெக்கப்படா." கதவுப் பக்கம் போனவர் நின்றார். "போறத்துக்கு முன்னம் ரெண்டு கேள்வி கேக்கலாமா ஐயா? ஒண்டு என்ட. மத்தது மகள்ட."

தலைவர் தலையசைத்தார்.

"இந்தக் கருவச் சுமக்கிற தாயாடுகள் இரிக்கே, எல்லாத்திலயும் தங்குமா?"

டொக்டர் நேர்மையாகப் பதில் சொன்னார். "இல்ல காக்கா. குளோனிங்கில அனேகமானது தங்காது. சிலது கடைசி மாசத்தில போகும். சிலது பிறந்தும் நிக்காது."

"அதுகள் இந்தக் கடதாசியில எங்க இரிக்கி? மகள் மூணு தரம் வாசிச்சா, உசிரோட பொறக்கிற குட்டிகள மட்டும்தான் எண்ணியிரிக்காம்."

டொக்டர் பக்கங்களைப் புரட்டினார். காக்கா சேட்டுப் பையிலிருந்து கொப்பித் தாள் ஒன்றை எடுத்துப் பிரித்தார். மகளின் எழுத்து. அவர் மெதுவாக, எழுத்துக்கூட்டாத குறையாக வாசித்தார்.

"மருந்து குடுக்காத ஆடுகளுக்கு மாசாமாசம் ரத்தம் ஏத்துவீங்களா?"

"இல்ல. ஏத்தினா ஒப்பிட ஏலாமப் போகும்."

காக்கா தாளை மடித்துப் பையில் வைத்தார். "டொக்டர், ரத்தம் ஒரு கிழம பிந்தினா என்ட மகளுக்கு வாசல்ல இரிக்கிற மூணு படி ஏற ஏலா. கதிரையச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக் குந்திக்குவா, அவட மொகத்த நாங்க பாக்கப்படா எண்டு. நான் அதப் பாத்திரிக்கன். நீங்க பாத்தீங்களா எண்டு தெரியா." பிறகு, "நான் வேணாமெண்டு சொல்லல்ல. வேணுமெண்டும் சொல்லல்ல. நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றுவிட்டு வெளியே போய்ப் பூவரச மரத்தின் கீழ் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் தேத்தண்ணீருக்குக்கூட உள்ளே வரவில்லை.

உள்ளே சண்டைதான் நடந்தது. டொக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஊர்ல கலியாணத்துக்குக் கலியாணம் ஆடு அறுக்கிறம், ஒரு கேள்வியும் இல்ல. புள்ளைகளக் காப்பாத்த எண்டா மட்டும் இவ்வளவு கேள்வியா?" என்றார். நியாயமான கேள்வி. அதற்கு நான்தான் பதில் சொன்னேன். நான் இப்படிப் பேசுவேன் என்று நானே நினைத்திருக்கவில்லை. "அவர் அறுக்கிற ஆடு அண்டைக்குக் காலைல வரைக்கும் ஆடாத்தான் இருந்திருக்கும் டொக்டர். மேய்ஞ்சிருக்கும், முட்டியிருக்கும். நாங்க ஒண்ட நோயாவே பிறக்க வைக்கப் போறம். அதுக்கு நல்ல நாள் எண்டு ஒண்டு முந்தியும் இல்ல, பிந்தியும் இல்ல."

அதனால் வேண்டாம் என்று சொல்லவும் என்னால் முடியவில்லை. மூன்று படியும் சுவர்ப் பக்கம் திருப்பிய கதிரையும் அந்த அறையிலேயே நின்றன. கடைசியில் நிபந்தனைகளோடு அனுமதி என்று முடிவானது. தாயாடுகளையும், தங்காத கருக்களையும், நிற்காத குட்டிகளையும் ஒன்று விடாமல் பதிய வேண்டும். எந்தக் குட்டியும் எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்க முடியாத நிலைக்கு வந்தால் அதற்குமேல் இழுக்கக்கூடாது, மிருக வைத்தியர் ஊசி போட்டு முடித்துவிட வேண்டும். அந்த நாள் எது என்று சொல்பவர் ஆய்வைச் செய்பவராக இருக்கக்கூடாது.

"ஆர் சொல்றது?" என்று தலைவர் கேட்டார். நான் யன்னலால் வெளியே கையைக் காட்டினேன்.

கூப்பிட்டுச் சொன்னபோது காக்கா ஒரேயடியாக மறுத்தார். "பங்குக்காரன் எண்டு சொல்லித்தானே வெளிய போன நான்?"

"அதாலதான் காக்கா" என்றேன். "அந்த ஆடுகள் இன்னும் ஒரு நாள் இருந்தா நல்லம் எண்டு இங்க ஆரையும் விட உங்களுக்குத்தான் ஆசையா இருக்கும். அப்பிடிப்பட்ட நீங்களே இண்டைக்கெண்டு சொன்னா, இல்ல எண்டு சொல்ல ஒருத்தருக்கும் வாய் வராது."

என் வாழ்க்கையில் நான் பேசிய மிகப் புத்திசாலித்தனமான பேச்சு அது. எவ்வளவு கொடுமையான பேச்சு என்று பிறகுதான் விளங்கியது. அவர் என்னைப் பார்த்து, "சரி மிஸ்" என்றார்.

ஊரில் சும்மா விடவில்லை. பள்ளியில் ஒருவர் மறித்துக் கேட்டாராம்: "அல்லாஹ்ட படைப்ப மாத்திறதுக்கு நீயும் கையெழுத்தா?" காக்கா சொன்ன பதிலை அவரே எனக்குச் சொன்னார். "படைக்கிறது அவன்தான் எண்டு சொன்னன். கஷ்டப்படுத்திறதுதான் நம்மட வேல, அதப் பாக்கத்தான் நான் போறன் எண்டன்."

வெளிநாட்டு ஆய்வுகூடம் நிபந்தனைகளோடு பல மாதம் மல்லுக்கட்டிவிட்டு ஒத்துக்கொண்டது. ஆடுகள் வந்தன. தங்காமல் போனவை நாங்கள் நினைத்ததைவிட அதிகம். ஒவ்வொன்றையும் பதிந்தோம். பதிகிற வேலை என்னுடையது, ஆகவே எனக்கு அதன் பாரம் தெரியும். கடைசியில் சில குட்டிகள் நின்றன. ஒரே நிறம், ஒரே முகம், நெற்றியில் ஒரே இடத்தில் ஒரே வெள்ளைப் பொட்டு. காதில் இலக்கத் தட்டு இல்லாவிட்டால் டொக்டரால்கூடப் பிரித்துச் சொல்ல முடியாது. காக்கா சனிக்கிழமைகளில் பலா இலைக் கட்டோடு வருவார், தட்டைப் பார்க்கவே மாட்டார்.

"ஒண்டுபோல எண்டு சும்மா சொல்றீங்க மிஸ். இவ பயந்தவ. இவ களவாணி, மத்ததுட இலையப் புடுங்குவா. இந்தா, இவ கோவக்காரி."

கோவக்காரி மருந்து கொடுக்காத பாதியில் ஒருத்தி.

ஒருநாள் மகளையும் கூட்டிவந்தார். இரத்தம் ஏற்றிய அடுத்த நாள், கையில் பிளாஸ்டர் இன்னும் இருந்தது. மெலிந்த பிள்ளை, ஆனால் கூரான வாய். கோவக்காரியைப் பார்த்ததும் நேரே போய்க் குந்தி, அதன் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். உள்ளே வெளிறிப்போய் இருந்தது.

"வாப்பா, போன கிழம என்ட கண் இந்த நிறம்தான் எல்லுவா?"

"ஓம்."

"எனக்கு ஏத்திட்டாங்க" என்று அதனிடம் சொன்னாள். அது அவளுடைய முழங்காலில் முட்டியது. அவள் சிரித்தாள், பிறகு வாப்பாவின் கட்டிலிருந்து ஒரு பலா இலையை உருவி அதற்கு நீட்டினாள்.

காக்கா மௌத்தாகி இப்போது இரண்டு பெருநாள் கடந்துவிட்டது. இருந்தாற்போல் ஒரு மாரடைப்பு, சுபஹு தொழுகைக்கு எழும்பும்போது. மருந்தின் முடிவு இன்னும் வரவில்லை, ஆய்வு தொடர்கிறது. மகள் இன்னும் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். இதை ஒரு வெற்றிக் கதையாக எழுத எனக்கு உரிமையில்லை. ஆனாலும் எங்கள் குழு எப்படி என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது அந்த மனிதரைப் பற்றித்தான். நெஞ்சை நிமிர்த்தியே சொல்கிறேன். எங்கள் ஊர் மாடு அறுப்பவர், கத்தியோடு வந்தவர், எங்கள் எல்லோரையும்விட நேரானவர். அதற்குக் காரணம் ஒரு சனிக்கிழமை காலை.

அன்று கோவக்காரி எழும்பவில்லை. தண்ணீர்ச் சட்டியைப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தோம், தலையைத் தூக்க முயன்று கீழே போட்டது. விலா எலும்புகள் வேகமாக ஏறி இறங்கின. டொக்டர் ஓடிவந்தார். ஓடிவந்த வேகத்திலேயே காக்காவின் கையைப் பிடித்துக் கெஞ்சினார்.

"காக்கா, பத்து நாள் தாங்க. பத்தே நாள். அடுத்த ரத்தச் சோதனை வரைக்கும் இது இருந்தா, மருந்து குடுத்ததோட சரியா ஒப்பிட்டுப் பாக்கலாம். இல்லாட்டி எல்லாம் பிந்தும். எனக்காகக் கேக்கல்ல. உங்கட மகள் மாதிரிப் புள்ளைகளுக்காகத்தான் கேக்கன்."

அதில் பொய் எதுவுமில்லை. அது தெரிந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை. காக்காவின் முகம் கறுத்துவிட்டது. அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது நான்தான். அவர் போனை எடுத்து மகளை அழைத்தார். ஒலியைக் கூட்டி வைத்திருந்ததால் நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"மகள், கோவக்காரி விழுந்திட்டா. டொக்டர் பத்து நாள் கேக்காரு. மருந்துக்கு நல்லமாம்."

"மூச்சு வாங்குதா வாப்பா?"

"ஓம்."

"தண்ணி?"

"குடிக்க ஏலா."

"அப்ப என்னட்ட என்னத்துக்குக் கேக்கீங்க? அதப் பாத்துக் கேளுங்க."

போனை அணைத்துவிட்டு அவர் மற்றக் குட்டிகளுக்கும் இதற்கும் நடுவில் படங்கைக் கட்டச் சொன்னார். வைக்கோலில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். விரலைத் தண்ணீரில் தோய்த்து அதன் வாயை நனைத்தார்.

"டொக்டர், கிட்ட வாங்க. பாருங்க."

டொக்டர் குந்திப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழுதார்.

"இண்டைக்கு" என்றார் காக்கா.

மிருக வைத்தியர் ஊசி போட்டார். அதிக நேரம் எடுக்கவில்லை. குட்டியின் வாயிலிருந்து பச்சையாகக் கொஞ்சம் வழிந்து அவருடைய வெள்ளைச் சேட்டில் நெஞ்சளவுக்கு இறங்கியது. துடைக்கச் சொல்லித் துணி நீட்டினேன், வாங்கவில்லை. அந்தச் சேட்டோடுதான் கல்முனைச் சந்தியால் வீட்டுக்குப் போனார்.

போகும் முன் இப்படியான நாளுக்கென்று குழு வைத்திருந்த படிவத்தை நிரப்பினோம்; முதல் கேள்வி எங்கள் எல்லாப் படிவத்திலும் ஒன்றுதான். வழக்கமாக நான் கேட்டு எழுதுவேன், அன்று அவரே பேனையை வாங்கிக்கொண்டார். அந்தத் தாள் இப்போதும் என் அலுமாரியில், ஒரு காலத்தில் அவருடைய கத்திக் கட்டை வைத்துப் பூட்டிய அதே தட்டில் இருக்கிறது. இந்த ஆய்வில் உங்களுக்குத் தனிப்பட்ட பங்கு ஏதும் உண்டா என்ற கேள்விக்கு நேரே, "ஓம்" என்ற கட்டத்தில் ஒரு புள்ளடி. அதற்குக் கீழே, விலங்கின் வேதனையை முடிக்க வேண்டிய நாள் என்ற இடத்தில், அன்றைய திகதி.